பேனா நிற்கும் சத்தம்

அன்றைக்கு அந்த வாசிப்பறையில் இருந்தவர்கள் ஆறு பேர். சமூகப் பணி படித்துவிட்டு எம்.ஃபில். ஆராய்ச்சிக்காக வந்திருந்த ஒரு பெண். வாசிப்பறையைப் பார்த்துக்கொண்ட பாய். அவர் மில்லில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், கோட்டைமேட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவார். பார்வையில்லாத மாணவர்கள் இருவர்: கொடுமுடியிலிருந்து வந்து பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்த தம்பி, அன்னூரிலிருந்து வந்து தமிழ் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த பெண். அந்தப் பெண்ணுக்குப் பாடம் வாசித்துக் காட்டும் அவளுடைய அம்மா. தம்பிக்கு வாசித்துக் காட்டும் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மில் குடியிருப்பின் கடைசி வீட்டைத்தான் வாசிப்பறையாக்கியிருந்தார்கள். இரண்டு மேசை, ஒரு டேப் ரெக்கார்டர், பிஸ்கட் டின்களில் அடுக்கிய கேசட்டுகள். பார்வையில்லாத மாணவர்கள் வந்து உட்கார்ந்தால் யாராவது பாடத்தை வாசிக்க வேண்டும், அல்லது வாசித்துப் பதிந்து வைக்க வேண்டும். நான் வீட்டில் மோட்டார் பட்டறைக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கை ஓய்ந்ததும் அங்கே போய் வாசிப்பேன்.

வாசிப்பதோடு நின்றிருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் பார்வையில்லாதவர்கள் பரீட்சை எழுத, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அவர்களைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதிகம் படித்தவர் என்றால் தானாகவே பதில் எழுதிவிடுவார் என்ற சந்தேகம். நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவள். தமிழ் தப்பில்லாமல் வாசிப்பேன், வேகமாக எழுதுவேன். என்னைவிடப் பொருத்தமான ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது.

"கவர்மெண்டுல படிப்ப நிறுத்துனவங்களுக்குன்னே ஒரு வேலை வெச்சிருக்கறாங்க பாரு அம்மணி," என்பார் பாய். "சர்டிபிகேட்டக் கேட்டா, இல்லைன்னு காட்டோணும்."

நான் சிரிப்பேன். நான் படிப்பை விட்டதே பரீட்சையால்தான் என்று பாய்க்குத் தெரியாது. பரீட்சை நாள் விடிந்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும். வாந்தி எடுத்துக்கொண்டே கிளம்புவேன், பள்ளிக்கூட வாசலில் இன்னொரு முறை. வீட்டில் தொண்டையில் சோறு சிக்கியிருக்கிறது என்று முடிவு செய்து, தொக்கம் எடுக்கும் ஒரு அம்மாவிடம் கூட்டிப்போனார்கள். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம்தான். குழாயை வைத்து உறிஞ்சி, எதையோ வெளியே எடுத்து உள்ளங்கையில் காட்டுவார்கள். பார்த்ததும் மனசு லேசாகும். அடுத்த பரீட்சைக்கு மறுபடியும் அதே புரட்டல். அரைப் பரீட்சையின் போது ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனவள் திரும்பி வந்துவிட்டேன். யாரும் பெரிதாகத் திட்டவில்லை. பிள்ளைக்கு வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

அப்படிப்பட்டவள் மறுபடி பரீட்சை அறைக்குள் போய் உட்கார்ந்தேன். பரீட்சை என்னுடையது இல்லையே, பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு முந்திய ஏப்ரலில் தம்பி இரண்டு தாளில் தோற்றார். எழுதிய கை என்னுடையது.

அதனால் அந்த வருடம் அவருக்கு மூன்று தாள் இருந்தது. இரண்டு அரியர், ஒன்று புதியது. மூன்றும் தேறினால்தான் பி.எட். சேர முடியும். வரலாற்று வாத்தியார் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. தேறாவிட்டால் ஜூன் மாதத்தோடு ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுக் கொடுமுடிக்குப் போக வேண்டியதுதான். அங்கே அப்பாவும் அண்ணனும் பிறத்தியார் வாழைத் தோட்டத்திலும் மஞ்சள் காட்டிலும் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவருக்கு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. "ஊட்டுல ஒக்காத்தி வெச்சுச் சோறு போடுவாங்க. அதுதானுங்க்கா எனக்குப் பயமே," என்று ஒரு தடவை சொன்னார்.

அவர் தோற்றதற்கு என் கையெழுத்துதான் காரணம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். மை கொட்டாத நல்ல பேனா ஒன்று வாங்கினேன். ராஜாக்களின் பெயர்களைத் தனியாக எழுதிப் பழகினேன். படுத்தால் கண்ணுக்குள் எழுத்துக்கள் ஓடும்.

இந்த நிலைமையில்தான் ஆராய்ச்சிப் பெண் வந்தார். உடல் ஊனமுற்ற மாணவர்களின் மனநலம் என்பது அவருடைய தலைப்பு. ஊனமுற்றோர் என்பதுதான் அப்போதைய சொல். கேள்விகள் அச்சடித்த தாள்களைக் கட்டாகக் கொண்டு வந்திருந்தார். தூக்கம் எப்படி, பசி எப்படி, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, யாருக்கும் பாரமாக இருப்பதாக நினைக்கிறீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில் இருந்தது. எப்போதும், அடிக்கடி, சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை.

"நீங்க கேள்விய வாசிங்க, அவங்க சொல்றதுல டிக் பண்ணுங்க. கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுதணும்," என்று என்னிடமும் அன்னூர் அம்மாவிடமும் தாளைக் கொடுத்தார்.

நான் வாசித்தேன். தம்பி சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "ஒருபோதும் இல்லீங்க்கா," என்றார். அடுத்ததற்கும் அதேதான். அதற்கடுத்ததற்கும் அதேதான். பாரமாக இருப்பதாக நினைக்கிறீர்களா என்று நான் வாசித்தபோது மட்டும் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "அதுவும் இல்லீங்க்கா."

அடுத்த மேசையில் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. அம்மா கேள்வியை வாசித்துவிட்டு, பெண் வாயைத் திறப்பதற்குள் டிக் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் இன்னும் சொல்லவே இல்லை."

"நீ என்ன சொல்லப் போற கண்ணு, எனக்குத் தெரியாதா. நல்லாத்தான தூங்கறே? கொறட்டை உடறே."

"நான் விடறதில்ல, அது நீங்க."

"அவளுக்கு ஒரு கவலையும் இல்லீங்," என்று அம்மா ஆராய்ச்சிப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார். "கவலையெல்லாம் எனக்குத்தானுங். அதுக்கு ஒரு தாளு இருந்தாக் குடுங்க, எழுதித் தாரேன்."

பாய் கேசட் டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தார்.

கடைசிக் கேள்வி: தேர்வு நேரத்தில் உங்களுக்கு மிகவும் கவலை தருவது எது? நான் வாசித்துவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். தம்பி விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுங்க்கா," என்றார்.

"பஸ்ஸா?"

"ஆமாங்க்கா. நேரத்துக்கு வாரதில்லைங்கள்ள."

பஸ் என்று எழுதினேன். அவர் ஹாஸ்டலிலிருந்து பரீட்சை நடக்கும் இடத்துக்கு பஸ்ஸே தேவையில்லை, நடந்தே போகலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஆராய்ச்சிப் பெண் மறுபடி வந்தார். வந்ததும், "என் மேலதான் தப்பு," என்று ஆரம்பித்தார். கால் ஊனமுள்ள மாணவர்கள் அவர்களே எழுதிக் கொடுத்த தாள்களில் மனசுவிட்டு என்னென்னவோ எழுதியிருக்கிறார்களாம். பார்வையில்லாதவர்களின் தாள்கள் மட்டும் எங்கே போய்க் கேட்டாலும் ஒரே மாதிரி வந்தனவாம். கவலை இல்லை, குறை இல்லை, எல்லாரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். "அவங்களப் பாத்துக்கறவங்க கையிலயே பேனாவக் குடுத்து, கவலை என்னன்னு கேட்டிருக்கேன். அவங்க எப்படிச் சொல்லுவாங்க? இந்தத் தடவை நானே கேட்டு நானே எழுதிக்கறேன். வாசிக்கறவங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க."

"பெத்தவ கூடவா வெளிய போவோணும்?" என்றார் அன்னூர் அம்மா.

"அம்மா, போங்க," என்றாள் பெண்.

முதலில் அவளைத்தான் கூப்பிட்டார். அவள் முடித்து வந்து குழாயடியில் முகம் கழுவினாள். கழுவிய பிறகும் கண் சிவந்திருந்தது. அம்மா தன் முந்தானையை அவள் கையில் எடுத்துக் கொடுத்தார். பிறகு தம்பி உள்ளே போனார்.

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். நான் என்ன தவறு செய்தேன் என்று யோசிக்க ஆரம்பித்தால் எனக்கு முடிவே வராது. போன வாரம் ஒரு பக்கத்தை விட்டு வாசித்துவிட்டேனா? சலித்துக்கொண்டேனா? கையில் இருந்த பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"ஏன் அம்மணி, உள்ள இருக்கறவரு உன்னப் பத்தி என்ன பெட்டிசனா எழுதறாரு?" என்றார் பாய். "நானும் மில்லுல முப்பது வருசம் கேட்டுல நின்னவன். மேனேஜர் ரூமுக்குள்ள போறவன் மூஞ்சியும் வெளிய நிக்கறவன் மூஞ்சியும் எனக்குத் தெரியும். உள்ள போனவனவிட நிக்கறவந்தான் இப்பிடி வேர்த்துப் போவான்."

"சும்மா இருங்க பாய்," என்றார் அன்னூர் அம்மா. "அந்தப் புள்ள ஏற்கெனவே வெளுத்துக் கெடக்குது."

தம்பி வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம் போல அவரைப் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட்டிப்போனேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார். குளத்துப் பக்கமிருந்து காற்று வந்தது.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க," என்றார்.

"சொல்லுங்க தம்பி."

"உள்ள உங்களப் பத்தித்தான் சொன்னனுங்க."

எனக்கு நடை நின்றுவிட்டது. அவரும் நின்றார்.

"குத்தமாச் சொல்லலீங்க்கா. நடந்தத சொன்னேன். பரீட்சையில நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதறீங்க. மொத அர மணி நேரம் பேனா ஒரே சீரா ஓடும். அப்பறம் நிக்கும். நின்னா நீங்க எச்சி முழுங்கறது கேக்கும். பேனா மூடியப் போட்டுப் போட்டு எடுப்பீங்க. மூச்ச இழுத்துப் புடிச்சுக்குவீங்க, உடவே மாட்டீங்க. கேசட்டுலயும் அப்புடித்தானுங்க. பக்கம் திருப்பறப்ப உங்க குரலு ஓட ஆரம்பிச்சுரும்."

என் பயத்தை நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். கண் தெரியாதவர்தானே, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளக்கூட வேண்டியதில்லை என்று, அந்த அறையில் என் முகத்தை என் இஷ்டத்துக்கு விட்டிருந்தேன்.

"அது கேட்டதும் எனக்கு மனசு கேக்கறதில்லீங்க. இந்தக்கா நமக்காவ வந்து இப்புடிக் கஷ்டப்படறாங்களேன்னு, சுருக்கமாச் சொல்லி முடிச்சுப்போடுவேன். பத்து பாயிண்டு தெரிஞ்சா நாலு சொல்லுவேன். சீக்கிரம் முடிஞ்சா நீங்க வெளிய போயிரலாமுல்லீங்க."

"அதனாலயா பெயிலானீங்க?"

"அதனாலயும்தானுங்க."

"இத்தன நாளா ஏனுங்க தம்பி எங்கிட்டச் சொல்லல?"

"எப்புடீங்க்கா சொல்றது? காசு வாங்காம வந்து ஒக்காந்து எழுதறவங்ககிட்டப் போயி, நீங்க எழுதறது எனக்குப் பயமா இருக்குதுன்னா சொல்றது? அந்தத் தாளுல எழுதறதும் நீங்கதான். அதான் பஸ்ஸுன்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அவருக்கு அதுவும் கேட்டிருக்கும்.

எங்கள் ஊர்களில் இது எல்லாருக்கும் வரும். ஒருவர் நமக்காகச் சிரமப்பட்டால் அந்தச் சிரமத்தால் நமக்கு வரும் சிரமத்தைச் சொல்ல மாட்டோம். விருந்துக்குப் போன வீட்டில் உப்பு அதிகமாக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஆட்கள் நாங்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம். தம்பி செய்ததும் மரியாதைதான். அதற்காக ஒரு வருடத்தைக் கொடுத்திருந்தார்.

அடுத்த முறை ஆராய்ச்சிப் பெண் வந்தபோது நான் அவரிடம் போய், தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவர் தம்பி சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உங்களுக்கு இது எப்ப இருந்து இருக்கு?" என்று கேட்டார். வயிற்றைப் புரட்டியது, தொக்கம் எடுத்தது, பாதி வழியில் திரும்பியது எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் அதை ஒன்றாகச் சேர்த்துச் சொன்னதில்லை. இதற்குப் பதட்டம் என்று பெயர், வயிற்று நோய் இல்லை, இதற்கும் டாக்டர் இருக்கிறார் என்றார். பெரியாஸ்பத்திரியில் எந்தக் கிழமை, எந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். வாசிப்பவர்களுக்கென்று தனியாக ஒரு தாள் தன்னிடம் இல்லை, அது தனக்குத் தோன்றவே இல்லை என்று வருத்தப்பட்டார்.

போனேன். இரண்டு தடவை. மனநோய்ப் பிரிவு வரிசையில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். மாத்திரை கொடுத்தார்கள், மூச்சை மெதுவாக விடச் சொல்லிக் கொடுத்தார்கள். மாத்திரை போட்டால் தூக்கம் தூக்கமாக வந்தது, காயில் சுற்றும்போது சுற்று எண்ணிக்கை தப்பியது. நிறுத்திவிட்டேன். மூச்சுப் பயிற்சியை மட்டும் நிறுத்தாமல் செய்தேன்.

நான் எழுத வேண்டாம், வேறு ஆள் பாருங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வேறு ஆளுக்குத் தன் பேச்சு பழகுவதற்குள் ஏப்ரல் வந்துவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பரீட்சை மாதிரியே உட்கார்ந்து எழுதிப் பார்க்கலாம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "பேனா நின்னா வாயத் தொறந்து சொல்லிப்போடோணும். 'இருங்க தம்பி'ன்னு ஒரு வார்த்த. நான் இருப்பனுங்க. சத்தமில்லாம நின்னாத்தான் எனக்கு என்ன பண்றதுன்னு தெரியறதில்ல."

முதல் ஞாயிறு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாய்தான் டேப் ரெக்கார்டரைத் துடைத்துக்கொண்டே, "பேனா நின்னுபோச்சு அம்மணி, எனக்கே கேக்குது," என்றார். அப்புறம் வந்தது.

பரீட்சைக்கு முந்திய வாரம் தம்பி ஒரு கவரைக் கொடுத்தார். தாளுக்கு இருபது வீதம் மூன்று தாளுக்கு அறுபது ரூபாய். அதுவரை நான் காசு வாங்கியதில்லை. வேண்டாம் என்றேன். "இந்தத் தடவ வாங்கிக்கோங்க்கா. காசு வாங்கிட்டீங்கன்னா நானும் முழுசாச் சொல்லுவேன்," என்றார். அவருடைய உதவித்தொகையிலிருந்து எடுத்தது. வாங்கிக்கொண்டேன்.

முதல் தாள், போன வருடம் தோற்ற தாள்களில் ஒன்று. எங்களுக்கென்று ஒதுக்கிய சிறிய அறையில் நாங்கள் இருவரும், மேற்பார்வைக்கு ஒரு சாரும் இருந்தோம். விடியற்காலை வாந்தி எடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். மராட்டியர் நிர்வாகத்தைப் பற்றிய கேள்வியில் என் கை மரத்துப் போனது. தாளில் இருந்த கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

"இருங்க தம்பி," என்றேன்.

"இருக்கறனுங்க்கா."

சார் தலையைத் தூக்கி, "என்னம்மா அங்க பேச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க சார், அக்கா மூச்சு உடறாங்க," என்றார் தம்பி.

சாருக்கு என்ன புரிந்ததோ, பேப்பருக்குத் திரும்பிவிட்டார். கோடுகள் பிரிந்து நின்ற பிறகு எழுதினேன். அன்று அவர் ஒரு பாயிண்டையும் விழுங்கவில்லை. கூடுதல் தாள் கேட்டு வாங்கினோம். கடைசி வரி முடிந்தபோது மணி அடிக்கச் சிறிது நேரம்தான் இருந்தது. வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது தம்பியின் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

நான் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. ஒரு வாய் சோறு உள்ளே போகவில்லை. படுத்துக்கொண்டு யோசித்தேன். அவர் முழுதாகச் சொன்னார் என்பது உண்மை. ஆனால் ஒரு காதைப் பதிலிலும் ஒரு காதை என் மூச்சிலும் வைத்துக்கொண்டுதான் சொன்னார். இன்னும் இரண்டு தாள் அப்படியே அவர் செய்வார். அதைத் தெரிந்துகொண்டே என்னால் உட்கார்ந்து எழுத முடியுமா என்று தெரியவில்லை.

பாயின் அண்ணன் மகள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். எதற்கும் அஞ்சாத பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பேச்சு மட்டும் நிற்காது. அவளைக் கூட்டிக்கொண்டு மூன்றாம் நாள் வாசிப்பறைக்குப் போனேன். பாய் கல்லூரிக்குப் போய் ஆள் மாற்ற அனுமதி வாங்கி வந்தார். தம்பிக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"நான் இருக்கறேன்னு சொன்னனுங்கல்ல?"

"சொன்னீங்க தம்பி. நீங்க எனக்காவ இருக்க வேண்டாம். உங்களுக்காவச் சொல்லுங்க."

"பயந்துட்டு உட்டுட்டுப் போறீங்களா?"

"இருக்கலாம்," என்றேன். ஓடிப்போனதா, விலகி நின்றதா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அன்று அதை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. ஒன்பதாவதில் பாதி வழியில் திரும்பியபோது யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

அந்தப் பெண்தான் மற்ற இரண்டு தாளையும் எழுதினாள். நான் அந்த இரண்டு நாளும் வாசிப்பறையில் உட்கார்ந்து பி.எட். நுழைவுக்கான புத்தகத்தைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தேன். பக்கம் திருப்பும் இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, பிறகு வாசித்தேன். ஜூனில் முடிவு வந்தது. மூன்றும் தேறியிருந்தார். ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு கிளம்பியது பி.எட். கல்லூரிக்குத்தான்.

கிளம்பும் நாளில் கவரைக் கொண்டுபோய் நீட்டினேன். நான் எழுதியது ஒரு தாள், அதற்கு இருபதை எடுத்துக்கொண்டேன், மீதியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அது கேசட்டுக்குங்க்கா," என்றார். கேசட்டுக்கு நான் காசு வாங்குவதில்லை என்று அவருக்குத் தெரியும். பஸ் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு தடவை பார்த்தோம், இரண்டு தடவையும் வாங்க மறுத்துவிட்டார். இன்றைய கணக்குக்கும் நான் அவருக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பது ரூபாய்.